2011 ஆல்டோ எல்எக்ஸ்ஐ: எஃப்சி எடுத்து ஓட்டலாமா, கொடுத்துடலாமா?

செக்காலை வாசி (காரைக்குடி)

வணக்கம். வண்டி மாருதி ஆல்டோ எல்எக்ஸ்ஐ, 2011 மார்ச் பதிவு. ஷோரூம்ல நானே எடுத்தது, இன்னிக்கு வரைக்கும் கை மாறல. மீட்டர்ல ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் காட்டுது. வர்ற மார்ச்சோட பதினைஞ்சு வருஷம் முடியுது, எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்தாகணும்.

முன்னெல்லாம் மதுரைக்கு ஏசி போட்டுப் போய்ட்டு வந்தாலும் லிட்டருக்கு 18 குறையாது. இப்போ 14-ஐத் தாண்ட மாட்டேங்குது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்குதான், பங்க்காரர் சொன்னது இல்லை. காலையில ஸ்டார்ட் பண்ணினா ரொம்ப நேரம் உறுமிக்கிட்டே இருக்கு, ஐடிலிங் (வண்டி நிக்கிறப்போ இஞ்சின் சுத்துற வேகம்) இறங்க மாட்டேங்குது. ஒரு சர்வீசுக்கும் அடுத்த சர்வீசுக்கும் நடுவுல அரை லிட்டர் ஆயில் ஊத்த வேண்டியிருக்கு.

மெக்கானிக் பார்த்துட்டு, "இஞ்சின் தேஞ்சுபோச்சு சார், ஆஃப் இஞ்சின் பண்ணிடுவோம்"னு, அதாவது இஞ்சினைப் பாதி பிரிச்சு வேலை பார்க்கிறதுக்கு, 38,000 சொல்றார். எஃப்சிக்கு டிங்கர், பெயின்ட் எல்லாம் தனியாம். எக்ஸ்சேஞ்ச்ல போட்டா 70,000 தர்றதா சொல்றாங்க. பெங்களூர்ல இருக்கிற பையன், "அந்தப் பழைய தகரத்துல காசைக் கொட்டாதீங்க, நான் மீதியைப் போடறேன், புதுசு எடுங்க"ங்கிறான்.

வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினா அதிகம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, சொந்தக்காரங்க விசேஷம், மாசாமாசம் வீட்டம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை கூட்டிட்டுப் போறது, அவ்வளவுதான். வண்டி நல்ல வண்டி. வேலை நாகப்பட்டினத்துல இருந்தப்போ நாலு வருஷம் அங்கேயும் இருந்துச்சு, ஷெட் கிடையாது, தெருவோரம்தான் நிறுத்தினேன். வேற பெரிய தொந்தரவு எதுவும் கொடுத்தது இல்லை. ஏசி போட்டா முன்னாடி இடது பக்கம் கால் வைக்கிற மேட்டுக்கு (விரிப்புக்கு) அடியில ஈரமாகும், அதுக்கு நியூஸ்பேப்பர் போட்டு வச்சுக்கிறேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

திருச்சி எக்ஸ்பிரஸ்

சார், முதல்ல பெட்ரோலைப் பாருங்க. இப்போ எல்லா பங்க்லயும் 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் வருது. உங்க வண்டி அதுக்குன்னு செஞ்சது இல்லை. எத்தனாலுக்குச் சூடு கொடுக்கிற சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால மைலேஜ் விழும். நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலேயே பழைய கார்களுக்கு 6-7 சதவீதம் குறையும்னு இருக்கு.

இன்னொண்ணு. பதினைஞ்சு வருஷம் ஆனா வண்டியைப் பிடிச்சுக்குவாங்கன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. அந்தக் கதை எல்லாம் டெல்லிப் பக்கம். நம்ம ஊர்ல சோதனையில தேறினா அஞ்சு வருஷத்துக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிச்சுத் தருவாங்க. கட்டணம் 5,000, அதுக்கு மேல பசுமை வரி.

---

உப்பளத்தார் (தூத்துக்குடி)

சார், இஞ்சினை ஒரு ஓரமா வைங்க. உங்க கேள்வியைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்கினது அந்த நியூஸ்பேப்பர்தான்.

என்கிட்ட இருக்கிறது 2009 எல்எக்ஸ். உங்களுதுல பவர் ஸ்டியரிங் இருக்கும், என்னுதுல அதுவும் கிடையாது, கைக்கு நல்ல பயிற்சி. உப்புக்காத்துலயே கிடக்கிற வண்டி. எங்க ஊர்ல இந்த வண்டிங்க இஞ்சின் போய்ப் பழைய இரும்புக் கடைக்குப் போய் நான் பார்த்தது அபூர்வம். தகரம் போய்த்தான் போகும். இஞ்சின் கம்முனு ஓடிக்கிட்டிருக்கும், அடியில தரை இருக்காது.

ஏசியோட கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள்ள இடது பக்கம் இருக்கு. அதுல வேர்க்கிற தண்ணி ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியா இஞ்சின் பக்கம் வெளியேறிக் கீழே சொட்டணும். ஏசி போட்டு நிறுத்தினா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதா? சொட்டலைன்னா குழாய் அடைச்சிருக்கு, அந்தத் தண்ணி எல்லாம் வண்டிக்குள்ளதான் இறங்குது. மேட்டைத் தூக்கிப் பார்த்தாத் தெரியாது. மேட்டுக்குக் கீழே கார்பெட், கார்பெட்டுக்குக் கீழே கெட்டியா ஒரு கம்பளி மாதிரி ஃபெல்ட். அது தண்ணியைக் குடிச்சிட்டு மாசக்கணக்குல வச்சிருக்கும். தகரம் மேல இருந்து கீழே அரிக்கும். மெக்கானிக் வண்டியைத் தூக்கி அடியில பார்த்தா அண்டர்கோட்டிங் கருப்பா, அழகாத்தான் தெரியும்.

நாளைக்கே ஒரு வேலை பண்ணுங்க. இடது கதவைத் திறந்தா வாசப்படி மேல ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதைக் கழட்டிட்டு கார்பெட்டை உரிச்சு மடக்குங்க. ஃபெல்ட்டைக் கையால பிழிங்க. தண்ணி சுத்தமா இருந்தா ஏசி தண்ணி. பிசுபிசுன்னு, இனிப்பா ஒரு வாடை அடிச்சா அது ஹீட்டர்ல இருந்து ஒழுகுற கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்), அது வேற வைத்தியம். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் பிடியால தரையைத் தட்டிக்கிட்டே வாங்க. நல்ல தகரம் கணீர்னு பேசும். சத்தம் சொதசொதன்னு வர்ற இடத்துல முனையை வச்சு அழுத்திப் பாருங்க.

அதோட நாலு இடம் பாருங்க: ஜாக்கி வைக்கிற இடம், பேட்டரித் தட்டுக்கு அடியில, ஸ்டெப்னி கிடக்கிற குழி, கடைசியா பின் ஆக்ஸிலைப் பிடிச்சிருக்கிற கம்பிங்க பாடியில வந்து சேர்ற இடம். முதல் மூணும் அரிச்சிருந்தா வெட்டி ஒட்டிக்கலாம். நாலாவது அரிச்சிருந்தா, என் தம்பியா இருந்தாலும் சொல்வேன், எழுபதாயிரத்தை வாங்கிட்டு வந்துடுங்க. நாகப்பட்டினத்துல நாலு வருஷம் தெருவோரம் நின்ன வண்டின்னு நீங்களே சொல்லிட்டீங்க.

இப்போ இஞ்சின். 796 சிசி, மூணு சிலிண்டர். பழைய 800ல இருந்து வழிவழியா வந்த இஞ்சின், அதைக் கழட்டி மாட்டத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டுல கிடையாது. பிரச்சினையே அங்கதான், கை அரிச்சா கழட்டிடுவாங்க. நேரத்துக்கு ஆயில் மாத்தின வண்டி 1.18 லட்சத்துல தேயாது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கிறது இந்த வயசுக்குச் சாதாரணம். "தேஞ்சுபோச்சு"ன்னா எதை வச்சுச் சொல்றீங்கன்னு கேளுங்க. கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் அளக்கிற கருவி) வச்சு மூணு சிலிண்டர்லயும் எடுத்து, அளவைப் பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க. எதுலயாவது கம்மியா இருந்தா, பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி எடுக்கணும். அளவு ஏறினா ரிங் தேய்மானம், ஏறலைன்னா வால்வு. புகையையும் பாருங்க. காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் நீலமா ஒரு குப்புன்னு வந்து நின்னுட்டா வால்வு சீல். அந்த வேலைக்கும் ஆஃப் இஞ்சினுக்கும் காசுல ஏணி வச்சாலும் எட்டாது.

மைலேஜுக்கு வர்றேன். திருச்சித் தம்பி சொன்ன எத்தனால் கணக்கு சரிதான், ஆனா 18ல ஏழு சதவீதம் போனாலும் பதினாறரைக்கு மேல வந்திருக்கணும். 14க்கு வேற காரணம் இருக்கு. உறுமல் நிக்கலைன்னு சொன்னீங்களே, அதோட சேர்த்துப் பார்த்தா எனக்குச் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல, இஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கிற சின்ன வால்வு அது. உங்க வண்டியில அது இருக்கான்னு பாருங்க. கெட்டுப்போச்சான்னு கேக்கல, இருக்கான்னுதான் கேக்குறேன். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு கழட்டித் தூக்கிப் போடுற பழக்கம் ஊரூருக்கு இருக்கு. அது இல்லைன்னா தண்ணி எப்பவும் ரேடியேட்டர் வழியாவே சுத்தும், இஞ்சின் அதுக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? சென்சார் "இன்னும் குளிருது"ங்குது, அது பெட்ரோலைக் கூட்டி ஊத்திக்கிட்டே இருக்கும், ஐடிலிங்கையும் இறக்காது. எரியாத பெட்ரோல் ஆயில்ல இறங்கி அதை நீர்க்க வைக்கும். அப்படியே விட்டா மெக்கானிக் சொன்ன ரிங் தேய்மானம் நிஜமாவே வந்து சேரும்.

சோதனை சுலபம். மதுரை ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டினதும் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்க. நடுவுக்குப் பக்கத்துல நிக்கணும். அடியில படுத்துக் கிடந்தா நான் சொன்னதுதான். ஓட்டி முடிச்சதும் நாலு வீலையும் கையால தொட்டுப் பாருங்க, ஏதாவது ஒண்ணு மட்டும் சுட்டா அதுல பிரேக் பிடிச்சிருக்கு, அதுவும் மைலேஜைத் தின்னும்.

டைமிங் பெல்ட் மாத்தியாச்சா? இந்த இஞ்சினுக்குச் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். லட்சத்துல மாத்தணும். மாத்தலைன்னா டென்ஷனர் பேரிங்கோட சேர்த்து மாத்திட்டுத்தான் அடுத்த மதுரைப் பயணம். அறுந்தா நின்ன இடம்தான்.

கணக்கும் போட்டுடுவோம். லிட்டர் நூறு ரூபாய்னு வைங்க. உங்க 5,000 கிலோமீட்டருக்கு 14ல ஓடினா 36,000 கிட்ட பெட்ரோல். 18க்குத் திரும்பினா 28,000. புது வண்டி 22 கொடுத்தாக்கூட 23,000தான். அதாவது சரிபண்ணின ஆல்டோவுக்கும் புதுசுக்கும் வருஷத்துக்கு ஐயாயிரம் வித்தியாசம். புது வண்டி இன்சூரன்ஸ் ஒண்ணே அதை முழுங்கிடும். உங்களுதுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2,094, ஜிஎஸ்டி தனி. மைலேஜுக்காகப் புது வண்டின்னு பையன் சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க. வேற காரணத்துக்காக வாங்கினா அது உங்க குடும்ப விஷயம், நான் குறுக்க வரல.

---

பீளமேடு

அந்த வேற காரணத்தை நான் சொல்றேன். உப்பளத்தார் சார் தகரம், தெர்மோஸ்டாட் எல்லாம் நல்லாச் சொன்னார், வண்டிக்குள்ள உக்கார்ற ஆளைப் பத்தி ஒரு வரிகூட இல்லை.

எங்ககிட்டயும் ஆல்டோ இருந்துச்சு, குழந்தைங்க பிறந்ததுல இருந்து அதுலதான் போனோம். போன வருஷம் கொடுத்துட்டோம். ஓட்டத்துல ஒரு குறையும் இல்லை. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் (அவசர பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிறது) இல்லை. குளோபல் என்கேப் 2014 ஜனவரியில நம்ம ஊர் சின்ன கார்களை மோத வச்சுப் பார்த்தப்போ, ஆல்டோ 800க்குப் பெரியவங்க பாதுகாப்புல ஒரு ஸ்டார்கூட கிடைக்கல. அது 2012 அக்டோபர்ல வந்த புது உருவம், உங்களுது அதுக்கும் முந்தினது. ஏபிஎஸ், டிரைவர் ஏர்பேக் எல்லாம் எல்லா கார்லயும் கட்டாயமானதே 2019லதான்.

பிள்ளையார்பட்டிக்குப் போக அது போதும். ஆனா மாசாமாசம் மதுரைக்கு நாலுவழிச்சாலையில போறீங்களே சார், அங்க லாரியும் ஆம்னி பஸ்ஸும் என்ன வேகத்துல வருதுன்னு உங்களுக்கே தெரியும். பக்கத்துல கண் சரியாத் தெரியாத ஒருத்தர் உக்காந்திருக்காங்க. பையன் மீதிக் காசு போடறேன்னு சொல்றப்போ மறுக்காதீங்க.

---

செக்காலை வாசி

எல்லாருக்கும் நன்றி. உப்பளத்தார் சார் சொன்னபடி கார்பெட்டை உரிச்சேன். வீட்டம்மா பக்கத்துல நின்னு பார்த்துட்டு "இதுலயா இத்தனை நாள் காலை வச்சிருந்தேன்"னுட்டாங்க.

ஃபெல்ட்டைப் பிழிஞ்சா தண்ணி ஊத்துச்சு. சுத்தத் தண்ணிதான், பிசுக்கு இல்லை. அதுக்குக் கீழே தகரம் உள்ளங்கை அகலத்துக்குச் செதில் செதிலா எழும்பியிருந்துச்சு. காலை ஊன்றுற இடத்துல ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன், பெரிசா பலம் கொடுக்கல, அந்தப் பக்கம் போயிடுச்சு. ஓட்டை வழியா எங்க வீட்டுப் போர்ட்டிகோத் தரை தெரிஞ்சுது. கட்டைவிரல் நகம் அளவு. டிரெய்ன் குழாய்க்குள்ள குளவி மண் வச்சு அடைச்சிருக்கு, ஒரு கம்பியை விட்டுக் குத்தினதும் கட்டியா வந்து விழுந்துச்சு. இப்போ ஏசி போட்டா கீழே சொட்டுது.

மத்த இடங்களை வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல லிஃப்ட்ல ஏத்திப் பார்த்தோம். ஜாக்கி இடம் கெட்டியா இருக்கு. பின் ஆக்ஸில் கம்பிகள் சேர்ற இடத்துல மேலோட்டமாத் துரு, சுரண்டினா உள்ளே நல்ல இரும்பு. பேட்டரித் தட்டு மட்டும் போச்சு. டைமிங் பெல்ட் 98,000ல மாத்தின பில் இருக்கு.

அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக் தெர்மோஸ்டாட் உக்கார்ற கூட்டைக் கழட்டினார். உள்ளே காலி! எங்கே, யார் எடுத்தாங்கன்னு தெரியல. கம்ப்ரஷன் மூணுலயும் ஏறக்குறைய ஒரே அளவு, இஞ்சினைத் தொட வேண்டாம்னு இவரே சொல்லிட்டார்.

பீளமேடு அம்மா, நீங்க சொன்னதை வீட்ல சத்தமாப் படிச்சுக் காட்டினேன். முடிவு இப்படி: எஃப்சி எடுத்து வண்டியை ஊருக்குள்ள வச்சுக்கிறது. மதுரைக்கு இனி பஸ், இல்லைன்னா வாடகை வண்டி. பையன் அரை மனசா ஒத்துக்கிட்டான்.

ஒரு சந்தேகம். டிங்கர்க்காரர் அந்த ஓட்டையை ஃபைபர் வச்சு அடைச்சு மேல கோட்டிங் அடிச்சுடலாம், எஃப்சிக்கு அது போதும்ங்கிறார். சரியா வருமா?

---

உப்பளத்தார் (தூத்துக்குடி)

வராது சார். ஃபைபரும் பட்டியும் எஃப்சி அன்னிக்கு நல்லா இருக்கும், அடியில துரு அது பாட்டுக்கு நடக்கும். அரிச்சதைத் தாண்டி நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துல தகரம் வச்சு வெல்டிங் அடிக்கச் சொல்லுங்க. சுத்தி முழுசா அடிக்கணும், நாலு புள்ளி வச்சுட்டு மேல பூசிடக் கூடாது.

வெல்டிங்குக்கு முன்னாடி நீங்க பக்கத்துல நின்னு பார்க்க வேண்டியது: இடது சீட்டைக் கழட்டணும், கார்பெட், ஃபெல்ட் மொத்தமா வெளியே வரணும், தரையோட ஓடுற ஒயர் கட்டை ஒதுக்கணும், பேட்டரி கழட்டியிருக்கணும், கம்ப்யூட்டர் பிளக்கை உருவியிருக்கணும். அடியில பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்து, ஈரச் சாக்கு போட்டு, ஒரு பையனைத் தண்ணியோட நிறுத்துங்க. இதெல்லாம் வேண்டாம்னு சொல்ற ஆள்கிட்ட வண்டியை விடாதீங்க. வேலை முடிஞ்சதும் மேலயும் கீழயும் பிரைமர், அப்புறம் கோட்டிங். பழைய ஃபெல்ட்டைத் திரும்பப் போடாதீங்க, எத்தனை நாள் வெயில்ல காஞ்சாலும் நடுவுல ஈரம் இருக்கும்.

பேட்டரித் தட்டையும் அதே நாள்ல முடிச்சுடுங்க. எஃப்சிக்கு பரிவாகன் இணையதளத்துல படிவம் 25. ஆர்.சி. முடியறதுக்கு 60 நாளுக்குள்ளதான் எடுத்துக்குவாங்க, அதனால ஜனவரியிலேயே டிங்கர் வேலை முடிஞ்சா நல்லது. தள்ளிப் போட்டா மாசத்துக்கு 500 கூடுதல். லைட், ஹாரன், ஒயிப்பர், கைப்பிரேக், புகைச் சான்று எல்லாம் சரியா வச்சுக்குங்க.

பீளமேடு அம்மா சொன்னதுல எனக்கு மறுபேச்சு இல்லை. நானும் திருநெல்வேலி பைபாஸுக்கு இதை எடுக்கிறது இல்லை.

---

திருச்சி எக்ஸ்பிரஸ்

உப்பளத்தார் சார், எங்க மாமா வண்டியிலயும் முள் அடியிலதான் கிடக்கு. தெர்மோஸ்டாட் எது வாங்கணும்? லோக்கல்ல 150 ரூபாய்க்குக் கிடைக்குது.

---

உப்பளத்தார் (தூத்துக்குடி)

ஒரிஜினலே வாங்குங்க தம்பி, கேஸ்கெட்டும் சேர்த்து. மாட்டறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரத்துல தண்ணியோட அடுப்புல வச்சுப் பாருங்க. கொதி வர்றதுக்குள்ள வால்வு திறக்கணும், எடுத்து ஆறவிட்டா மூடிக்கணும். திறக்காததை மாட்டினா இஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போயிடும், இல்லாமலே ஓட்டினது தேவலைன்னு ஆயிடும்.

குழாய்த் தண்ணி ஊத்த வேண்டாம், கூலன்ட் ஊத்துங்க. மூடியைத் திறந்து வச்சு இஞ்சினை ஓடவிட்டு, காத்துக் குமிழி நின்னப்புறம் நிரப்பி மூடுங்க. ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவையாவது தானா ஓடி நின்னதைப் பார்த்துட்டு வண்டியை வெளியே எடுங்க.